சாக்பீஸ் வண்டி

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தும் தீர்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்த காலையில் அவள் முதலில் பார்த்தது அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரைத்தான். அந்தக் காலண்டரின் வருஷம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. தேதித் தாள்கள் எல்லாம் கிழிபட்டுப் படம் மட்டும் மிஞ்சியிருந்தது. அகலமான ஓர் ஆறு, அதற்குள் இறங்கும் பழங்காலப் படிக்கட்டுகள், அவற்றுக்கு மேலே ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போலக் கோபுரங்களும் மாடங்களும். மிக மிகப் பழைய நகரம் என்று அடியில் அச்சடித்திருந்தது. தாளிப்புப் புகை படிந்து ஆறு தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

அக்கா மூக்கு சுவரில் இடிக்கும்வரை கிட்டே போய்ப் பார்த்தாள்.

"டேய், இங்க வாடா!" என்று தம்பியைக் கூப்பிட்டாள். "இது தூண் இல்லடா. பொம்பள!"

"எது அக்கா?"

"இந்தா, கடைசிப் படியில. இத்தன வருஷமா தூண்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். உக்காந்து என்னத்தையோ கழுவுறா பாரு. அவ்வளவு பெரிய ஊருல பொறந்தும் கழுவுறதுதான் பொழப்பா அவளுக்கு!"

சொல்லிவிட்டு அக்கா தானே சிரித்தாள். பிறகு, ஏதோ தப்புச் செய்யப் போகிறவள் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு தடவ அந்த ஆத்த நேர்ல பாக்கணும்டா. கண்ணுதான் வந்திருச்சில்ல."

அக்கா தம்பியிடம் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அதுதான். கணவன் இறந்த பிறகு ஒரே ஒரு தகரப் பெட்டியோடு, 'கொஞ்ச நாளைக்கு' என்று தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் தம்பிக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் கல்லூரிக்கும் போய்விட்டாள். அக்காவின் தகரப் பெட்டி அடுப்படியை ஒட்டிய அறையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

"போறோம்கா!" என்றார் தம்பி. "உன்னக் கூட்டிட்டுப் போகாம வேற யாரக் கூட்டிட்டுப் போகப் போறேன்?"

மனசாரத்தான் சொன்னார். ஆனால் நல்ல வாக்குக்கு ஒரு குணம் உண்டு. கொடுக்கும்போதே பாதிப் புண்ணியம் வந்து சேர்ந்துவிட்டது போல் இருக்கும். மீதிப் பாதியைச் சம்பாதிக்க யாருக்கும் அவ்வளவு அவசரம் வருவதில்லை.

தம்பியை ஊரில் மூட்டைக்காரர் என்பார்கள். வீடு மாற்றிக்கொடுப்பது அவர் தொழில். அடுப்பிலிருந்து அம்மிவரை, கட்டிலிலிருந்து கண்ணாடி அலமாரிவரை எதைக் கொடுத்தாலும் கீறல் விழாமல் கொண்டு சேர்ப்பார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வண்டியில் ஒரு துரும்பை ஏற்றுவதற்கு முன்னால், வண்டியின் உள்ளளவுக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போடுவார். சாமான்களை முதலில் அந்தக் கட்டத்துக்குள் அடுக்கிப் பார்ப்பார். தரையில் அடங்கினால்தான் வண்டியில் ஏறும். அவருடைய ஆட்கள் அதைச் 'சாக்பீஸ் வண்டி' என்று கேலி செய்வார்கள். கேலி செய்தாலும், அந்த வண்டி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

"முதல் சாமான்தான்டா முதலாளி," என்பார் ஆட்களிடம். "முதல்ல எத வைக்கிறமோ, அதுக்குத்தான் மத்ததெல்லாம் வளைஞ்சு கொடுக்கணும். பாத்து வைங்க."

இப்படிப்பட்டவர் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? முதலில் சின்னதாகத்தான் இருந்தது. அவர், அவர் மனைவி, மகள், அக்கா. தொழிலுக்கென்று இல்லாமல் வீட்டுக்கென்று அவர் வைத்திருந்த வேனில் முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் மடக்கி விரிக்கிற இருக்கையில் இரண்டு பேர் உட்காரலாம். தாராளமாக இடம் இருந்தது. இடம் தாராளமாக இருப்பதுதான் எப்போதும் ஆபத்து. காலியிடத்தின் வாசனை சொந்தக்காரர்களுக்கு எங்கிருந்தாலும் எட்டிவிடும்.

மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். பெரிய அலுவலகம் ஒன்றில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்திலிருந்துதானே தவிர அதிகாரத்திலிருந்து அல்ல. எதைச் சொன்னாலும் "எனக்கு ஏற்கனவே தெரியும்" என்பார். அதனால் மூட்டைக்காரரின் மகள் அவருக்கு 'ஏற்கனவே' என்று பெயர் வைத்திருந்தாள். அவர் மனைவிக்குத் தண்ணீர் ஒத்துக்காது, தலையணை ஒத்துக்காது, ஜன்னல் காற்று ஒத்துக்காது, ஜன்னலைச் சாத்தினாலும் ஒத்துக்காது. அந்த அம்மாளின் பெயரை விளக்க வேண்டியதில்லை.

பயணத்தைப் பற்றிய கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் கூடியது. 'ஏற்கனவே' நடு நாற்காலியில் உட்கார்ந்து, பார்த்திராத நகரத்தை வர்ணித்தார்.

"அந்த ஊருப் படிக்கட்டுல உக்காரவும் ஒரு முறை இருக்கு மாப்ளே. காலையில இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம். மாத்தி உக்காந்தா வெயில் மூஞ்சியில அடிக்கும்."

"நீங்க போயிருக்கீங்களா மாமா?" என்றாள் மகள்.

"போய்த்தான் தெரிஞ்சுக்கணும்னு இல்லம்மா. எனக்கு ஏற்கனவே தெரியும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "ஆறு நமக்கு என்ன சொல்லுது? விட்டுக்கொடுங்குது. பாறை குறுக்க வந்தா சண்டையா போடுது? சுத்திக்கிட்டுப் போகுது. அந்தத் தண்ணியப் பாத்துட்டு வந்தா மனுசன் மனசே கழுவி வச்ச மாதிரி ஆயிரும்."

எல்லோரும் உருகிப்போனார்கள். உருக்கம் ஆறுவதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"என் சாய்வு நாற்காலிய எடுத்துக்கணும் மாப்ளே. அது இல்லாம எனக்கு முதுகு சாயாது."

ஆறு நிறையத் தண்ணீர் ஓடினாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்கள். நம்மவர்களோ ஆறு நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்கக் கேன் கேனாகக் கட்டினார்கள். ஒத்துக்காதுக்கு வெளித்தண்ணீர் ஒத்துக்காதே. மூட்டைக்காரரின் மனைவி அடுப்பு, இரண்டு குக்கர், ஊறுகாய்ப் பாட்டில், ஒரு வாரச் சமையலுக்கு வேண்டிய மற்றதெல்லாம் என்று கணக்குச் சொன்னாள். வெளியே சாப்பிட்டு யார் வயிற்றைக் கெடுத்துக்கொள்வது? மகள் தன் படங்களுக்கு வெளிச்சம் தருகிற வட்ட விளக்கையும் அதன் மூன்று கால் தாங்கியையும் சேர்த்தாள். சூரியன் உதிக்கிற ஊருக்கு விளக்கு எதற்கடி என்று கேட்டதற்கு, சூரியன் பின்னாலிருந்து அடித்தால் முகம் கறுத்துவிடும் என்றாள். விடுதி மெத்தையை நம்ப முடியாது என்று இரண்டு மெத்தைகளும் சேர்ந்தன.

கூட்டம் கூடும்போதெல்லாம் அக்கா தேநீர்த் தட்டோடு வருவாள். தம்ளர்களைக் கொடுப்பாள். சற்று நேரம் கதவை ஒட்டி நின்று, ஆற்றைப் பற்றி யாராவது சொன்னால் வாயைத் திறந்து கேட்பாள். பிறகு காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். இது அக்காவின் பயணம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அடிக்கடி அதைச் சொல்லவும் செய்தார்கள். "அக்காவுக்காகத்தானே இவ்வளவும்," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பையைச் சேர்ப்பார்கள். மாப்பிள்ளையை மறந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது கேள்விப்பட்டிருக்கிறோம். அது இப்படித்தான் நடக்கும்.

மூட்டைக்காரரைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சாமான் பெருகப் பெருக அவருக்கு எரிச்சல் வரவில்லை. உற்சாகம்தான் வந்தது. முடியாததை அடுக்கிக் காட்டுவதில் அவருக்கு ஒரு போதை இருந்தது. ஒரு நாள் மாலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார். குனிந்தார், நிமிர்ந்தார், தலையை இடித்துக்கொண்டார். பின் இருக்கையின் கொக்கியைத் தட்டி, அதை மடக்கிச் சுவரோடு சுவராக நிறுத்தினார். அடேயப்பா! ஓர் அலமாரியே நிற்கிற அளவுக்கு இடம் பிறந்தது. சாய்வு நாற்காலி, மெத்தைகள், கேன்கள் எல்லாம் அதில் அடங்கும். அவர் மனம் குளிர்ந்துபோனது.

அந்த இருக்கையில் யார் உட்காருவார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தொழில் பழக்கம் அப்படி. வீடு மாறும்போது சாமான்களைத்தான் அவர் எண்ணுவார். மனிதர்கள் வேறு ஏதாவது வண்டியில் தாங்களாகவே வந்து சேர்ந்துவிடுவார்கள். அதிலும் காலியான வீட்டைப் பெருக்கிப் பூட்டிச் சாவியோடு கடைசியாக வருகிற ஆளை எந்த மூட்டைக்காரன் எண்ணியிருக்கிறான்?

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை ஒத்திகை. வீட்டு முன்னால் சிமெண்டுத் தளத்தில் மூட்டைக்காரர் மண்டியிட்டு, நாடா பிடித்து, சாக்பீஸால் வேனை வரைந்தார். சக்கரம் வரும் இடத்தில்கூட அரைவட்டம் போட்டார். முதல் சாமானாகச் சாய்வு நாற்காலி உள்ளே போனது. அது மச்சான் வீட்டிலிருந்து வந்தது. மடங்காத ஜாதி. கைகள் இரண்டும் அகன்று, யாரையோ கட்டிப்பிடிக்க வருவது போல் நிற்கும். அதைச் சுற்றி மெத்தைகள் வளைந்தன. மெத்தையின் வளைவுக்குள் கேன்கள் நின்றன. கேன்களுக்கு நடுவே குக்கர்கள், குக்கருக்குள் ஊறுகாய்ப் பாட்டில், பாட்டிலைச் சுற்றித் துண்டுகள். முன்பக்கம் இருக்கைகளுக்குப் பதிலாக வீட்டு நாற்காலிகள்.

"எல்லாரும் ஏறுங்க!" என்றார் மூட்டைக்காரர்.

ஏறினார்கள். கதவு வரைந்திருந்த இடம் வழியாகத்தான் ஏறினார்கள். கோட்டைத் தாண்டிக் குறுக்கே போக முயன்ற மகளை, "அது கண்ணாடி!" என்று தடுத்தார் அப்பா. 'ஏற்கனவே' முன்னால் உட்கார்ந்து பெல்ட் மாட்டுவது போலக் கையை ஆட்டினார். மற்ற மூவரும் நடு வரிசையில் அமர்ந்தார்கள். மூட்டைக்காரர் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். ஓர் அங்குலம் வீணாகவில்லை. அடுத்த வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்த தையல்காரர் கைதட்டினார்.

அப்போது அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். கட்டத்துக்கு வெளியே நின்று, கோடு கலைந்துவிடாமல் எட்டிக் குனிந்து, ஒவ்வொருவருக்கும் தம்ளர் கொடுத்தாள். வழியில் நிற்கும் வண்டிக்கு ஜன்னல் வழியாகத் தேநீர் விற்கிறவளைப் போலவே இருந்தது.

எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வண்டியை ஆசையோடு பார்த்தாள்.

"நல்லா இருக்குடா. நான் எங்க உக்காரணும்?"

தேநீரை உறிஞ்சுகிற சத்தம் நின்றது. மூட்டைக்காரர் திரும்பிச் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். அது இரண்டு கைகளையும் விரித்து அவரைப் பார்த்தது.

முதலில் சமாளித்தவர் ஏற்கனவேதான். "எனக்கு ஏற்கனவே ஒரு யோசனை இருந்துச்சு. அக்காவுக்கு இவ்வளவு தூரம் தாங்குமான்னு. வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்ல? தண்ணி வரும், பால் வரும். பூட்டிக் கெடந்தா வீடு நல்லாவா இருக்கும்?"

"கண்ணு வேற இப்பத்தான் சரியாயிருக்கு," என்றாள் மூட்டைக்காரரின் மனைவி. "வழியெல்லாம் தூசி. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது? அக்கா இல்லாம இந்த வீடு ஒரு நாள் ஓடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

அது உண்மையான பாராட்டு. கட்டிப்போடுவதற்குப் பாராட்டைவிட உறுதியான கயிறு எதுவும் இல்லை.

"அத்தை, நான் அங்கயிருந்து போன்ல ஆத்தக் காட்டுறேன். நேர்ல பாக்கற மாதிரியே இருக்கும்," என்றாள் மகள். அவள் கெட்ட பெண் இல்லை. அந்த நிமிஷம் அது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

ஒத்துக்காது மட்டும் ஒரு மடக்கோடு நிறுத்திவிட்டாள். தேநீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். புதுக் கண் அல்லவா, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"அதுவும் சரிதான்," என்றாள். "நான் இருந்துக்கறேன். போயிட்டு வாங்க. தம்ளரக் கொடுங்க."

மூட்டைக்காரர் அடுத்த தடவை என்று ஏதோ சொன்னார். அவர் நெஞ்சுக்குள் அப்போது ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, அடுக்கியது கலையவில்லை! அடுத்தவர் விட்டுக்கொடுக்கும்போது நமக்குள் வருகிற இந்த நிம்மதிக்கு இணையான அழுக்குப் பொருள் மனிதனிடம் வேறில்லை. அது அழுக்கு என்பதுகூடச் சட்டென்று தெரியாது. வெள்ளையாக, இதமாக இருக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மச்சானும் மனைவியும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கயிறு எடுக்க மூட்டைக்காரர் அடுப்படிப் பக்கம் போனார். அக்கா மறுநாள் வழிச் சாப்பாட்டுக்கு டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து பேருக்கும் ஐந்து டப்பா. அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு காலண்டர் பக்கம் போனாள்.

"டேய், ஒரு வேலை செய்வியா?"

"சொல்லுக்கா."

"இந்தப் பொம்பள உக்காந்திருக்கிற படி எதுன்னு அங்க போய்ப் பாரு. இடத்த அடையாளம் வச்சுக்க. இந்தா, மேல வளைவா ஒரு வாசல் இருக்கு பாரு, அதுக்கு நேர் கீழ." விரலால் தொட்டுக் காட்டினாள். "அவ கையில என்ன வச்சுக் கழுவுறான்னு இதுல தெரிய மாட்டேங்குது. குடமா, துணியா? நானும் கண்ண இடுக்கி இடுக்கிப் பாக்கறேன். அங்க இப்பவும் யாராச்சும் உக்காந்து கழுவுவாங்கல்ல? பாத்துட்டு வந்து சொல்லு."

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவர் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பார்.

"சரிக்கா," என்று வெளியே வந்தார். கயிற்றை மறந்துவிட்டார்.

சாக்பீஸ் வண்டி தளத்தில் அப்படியே இருந்தது. பாதி இருட்டில் அது உண்மையாகவே எங்கோ புறப்பட்டுவிட்டது போல் தெரிந்தது. மூட்டைக்காரர் கால் ஓய்ந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காருவது சுலபம், அது ஆளை அப்படியே விழுங்கிவிடும். சற்று நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கையை ஊன்றினால் கால் மேலே போனது, காலை ஊன்றினால் இடுப்பு உள்ளே போனது. 'இதையா நான் முதலில் வைத்தேன்?' என்று நினைத்தார். ஊரெல்லாம் ஆட்களுக்குப் பாடம் சொன்னவர். முதல் சாமான்தான் முதலாளி என்றவர். அக்காவின் ஆசையைச் சுமந்து புறப்பட்ட வண்டிக்கு மச்சானின் முதுகு முதலாளியாகிவிட்டது. மெத்தை வளைந்தது, கேன் வளைந்தது, கடைசியில் அக்காவும் வளைந்தாள். வளைந்ததோடு நிற்காமல் தம்ளரையும் கழுவி வைத்தாள்.

கடவுள் ரொம்பப் பொறுமைக்காரர். கன்னத்தில் அறைய மாட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்க விடாமல் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுவார்.

கடைசியில் பக்கவாட்டில் உருண்டுதான் மூட்டைக்காரர் எழுந்தார். எழுந்தவர் செருப்பால் சாக்பீஸ் கோட்டை அழித்தார்.

விடிந்ததும் முதல் வேலையாக வேனின் பின்கதவைத் திறந்து, மடக்கியிருந்த இருக்கையை விரித்துக் கொக்கி மாட்டினார். அக்காவின் அறையிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். "இதுதான் முதல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எஞ்சிய இடத்துக்கு மறுபடியும் நாடா பிடித்தார். பைகள் போகும். ஒரு மெத்தை போகும். அடுப்பு போகலாம். சாய்வு நாற்காலி எந்தக் கணக்கிலும் போகாது.

அவர் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். ஒரு குக்கர் தரையில் நிற்பதைக் கண்டு, "இது எதுக்கு வெளிய நிக்குது?" என்றாள்.

"அக்கா வர்றா."

அவள் இருக்கையைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள். "அப்ப வீட்ட யாரு..." என்று தொடங்கி, நிறுத்தினாள். "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிக்கங்க. நான் சொல்ல மாட்டேன்," என்று குக்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சம்மதம் என்பது பல வீடுகளில் இப்படித்தான் முகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

மச்சானிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மூட்டைக்காரர் அடுக்கி வைத்திருந்தார். நன்றாகத்தான் அடுக்கியிருந்தார். ஆனால் ஆட்டோவிலிருந்து 'ஏற்கனவே' இறங்கி, வெள்ளைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக நடந்து வந்தபோது எல்லாம் சரிந்துவிட்டன. அவருக்குப் பின்னால் ஒத்துக்காது ஒரே ஒரு சின்னப் பையோடு வந்தாள்.

"என் நாற்காலி எங்க மாப்ளே? கீழயே நிக்குது?"

"மச்சான், அது வந்து... இங்கயே பத்திரமா இருக்கட்டும்னு... பின்னால அக்கா உக்காரணும்ல..."

"அக்காவா? அதான் நேத்தே பேசி முடிச்சாச்சே!" 'ஏற்கனவே' தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றினால் குடும்பமே கலங்கும். "அப்ப என் முதுகப் பத்தி யாருக்கும் கவலையில்ல. சரி. நாற்காலி வரலைன்னா நானும் வரல. நீங்க சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

இந்த வாக்கியத்தை அவர் வாழ்க்கையில் பலமுறை பயன்படுத்தியிருக்கிறார். ஒரு முறைகூடத் தோற்றதில்லை. அதைக் கேட்டதும் எல்லோரும் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். மூட்டைக்காரரின் கை தானாகவே நாற்காலியை நோக்கி நீண்டது. "இல்ல மச்சான், எப்படியாச்சும்..." என்று தொடங்கியும் விட்டார்.

"சரி, நீங்க இருங்க," என்றது ஒரு குரல்.

ஒத்துக்காது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? தண்ணி வரும், பால் வரும். நாற்காலியும் இங்கதான் இருக்கு. சாஞ்சுக்கிட்டே பாத்துக்கலாம்."

"நீ என்ன பேசுற?"

"ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. அந்தத் தேநீர் ஒத்துக்கல. அக்கா வெளிய நின்னு எட்டி எட்டிக் கொடுத்தாங்கள்ல, அது தொண்டையிலேயே நிக்குது." மூட்டைக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, தண்ணிக் கேன் எல்லாத்தையும் எறக்கிருங்க. அங்க இருக்கறவங்க குடிக்கிறதத்தான நானும் குடிக்கப் போறேன். பின்னால அக்கா பக்கத்துல நான் உக்காந்துக்கறேன். எனக்கு அதுதான் ஒத்துக்கும்."

அந்த அம்மாள் வாயிலிருந்து 'ஒத்துக்கும்' என்ற சொல் வந்ததை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு, மூன்று கால் தாங்கியைச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். வட்ட விளக்கை மட்டும் விடவில்லை. திருந்துவதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

'ஏற்கனவே' சாலையைப் பார்த்தார். ஆட்டோ போய்விட்டிருந்தது. நாற்காலியைப் பார்த்தார். பிறகு தொப்பியை மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஏற்கனவே நெனச்சதுதான் இது," என்றார். "வண்டியில சாய்வு நாற்காலி எல்லாம் சரிப்படாது. மாப்ளே மனசுல என்ன இருக்குன்னு பாக்கத்தான் கேட்டேன்."

அவரை நடு வரிசையில் உட்கார வைத்தார்கள். அடுப்பை விட்டுவர அவர் தங்கை கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதற்கு வேறு இடமில்லாததால் அது அவர் மடியில் ஏறியது. பாறை குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போகச் சொன்னவர், அடுப்பைச் சுற்றிக் கைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்காவைக் கூப்பிட மூட்டைக்காரரே உள்ளே போனார். அவள் ஐந்து டப்பாக்களையும் பையில் போட்டுக் கட்டி, வழியனுப்பத் தயாராக நின்றாள்.

"கெளம்புக்கா."

"எங்க?"

"ஆத்துக்கு. எனக்கு அடையாளமெல்லாம் வைக்கத் தெரியாது. குடமா துணியான்னு நீயே வந்து பாத்துக்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளையாடாதடா. வீட்ட யாரு பாத்துப்பா?"

"வீடு எங்கக்கா போகப் போகுது? இத்தன வருஷமா வீடு மாத்திக் கொடுக்கறேன். ஒரு வீடும் தானா எந்திரிச்சு நடந்து நான் பாத்ததில்ல. வா."

"எனக்குச் சாப்பாடு கட்டலையேடா!"

"அஞ்சு டப்பாவுல ஆறு பேரு சாப்பிட முடியாதா?"

அக்கா மாற்றுப் புடவை எடுக்க அறைக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் உண்மையாகவே ஓடினாள். தகரப் பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷமாக அசையாமல் இருந்த பெட்டி, துரு உதிர ஒரு முறை அலறியது. துணிப் பையோடு வெளியே வந்தவள் பின் இருக்கையில் தலையணையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். ஒத்துக்காது அவளுக்கு ஜன்னல் பக்கம் விட்டுக்கொடுத்தாள். ஜன்னலையும் முழுவதுமாகத் திறந்து வைத்தாள்.

மூட்டைக்காரர் வண்டியைக் கிளப்பினார். கிளப்பியதும் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"நிறுத்துடா, நிறுத்து! காலையில குடிச்ச தம்ளரெல்லாம் அப்படியே தொட்டியில கெடக்கு. வர்றதுக்குள்ள எறும்பு மொய்ச்சிரும். இரு, நான் போய்க் கழுவிட்டு..."

"நீ உக்காரு," என்றார் மூட்டைக்காரர்.

இறங்கினார். பூட்டைத் திறந்து உள்ளே போனார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். தேய்க்கிற நார் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரார் வீட்டு அடுப்படிகளில் எந்த மூலையில் எது இருக்கும் என்று அறிந்தவருக்கு, தன் வீட்டு நாரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது. குழாயைத் திறந்தார். தண்ணீர் பெரிதாக வந்து சட்டையை நனைத்தது. குனிந்து தேய்க்கும்போது எதிர்ச் சுவரில் காலண்டர் கண்ணில் பட்டது. தேநீர் நிற ஆற்றங்கரையில் அந்தப் பெண்ணும் குனிந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

வெளியே வண்டியில் மச்சான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதைத் தாண்டிக்கொண்டு அக்காவின் குரல் ஜன்னல் வழியாகக் கணீரென்று வந்தது.

"அடியிலயும் தேய்டா! மேலாக்க அலசிட்டு வந்துராத!"

கடைசித் தம்ளரைக் கவிழ்த்து வைக்கப் போனவர், அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பத் தொட்டியில் போட்டு, முதலிலிருந்து கழுவினார்.